கேசினோ சில்லுகளைப் புற ஊதா ஒளியில் பரிசோதிப்பது எப்படி: புதிதாகச் சேகரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

மூடப்பட்டுவிட்ட ஒரு லாஸ் வேகஸ் கேசினோவின் 5 டாலர் சில்லு ஒன்றை (சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டு), எந்தக் குறையும் இல்லாதது என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். பொதியைப் பிரித்த அன்றே, கையில் இருந்த மலிவான ஊதா நிற டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஐயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து, சரியான விளக்கு கைக்கு வந்தபின் அதே சில்லை மறுபடியும் பார்த்தபோது, விளிம்பிலிருந்து சற்று உள்ளே பட்டாணியை விடச் சிறிய வட்டம் ஒன்று நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தது. பயன்பாட்டிலிருந்து நீக்குவதற்காகத் துளையிடப்பட்டிருந்த சில்லை யாரோ பசையும் நிறத் தூளும் கொண்டு அடைத்து, தேய்த்துச் சமமாக்கி, எண்ணெய் பூசி விற்றிருக்கிறார்கள். திருப்பி அனுப்புவதற்கான 14 நாள் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. அந்த இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளி ஒரு சில்லின் மீது நியாயமான ஐயத்தை எழுப்ப வல்லது. ஆனால் எந்தச் சில்லையும் உண்மையானது என்று அது சான்றளிப்பதில்லை. விளக்கில் ஒன்றும் தெரியாததால் இது நல்ல சில்லுதான் என்று முடிவுகட்டுவதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. நானும் அதைத்தான் செய்தேன்.

1. விளக்கு: 365 நானோமீட்டர், வடிகட்டியுடன்

கடைகளில் கிடைக்கும் மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தருபவை. அந்த ஒளியில் கணிசமான பகுதி கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமே என்பதால், சில்லின் முகம் முழுவதும் ஊதாவாகக் குளித்துவிடும். மங்கலான ஒளிர்வுகள் அதற்குள் மறைந்துபோகும். உங்களுக்கு வேண்டியது 365 நானோமீட்டர் டார்ச். அதிலும், கண்ணாடி முகப்பு கருமையாக இருக்கும் வகையை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் வெளிவிடும் வடிகட்டி பொருத்திய வகையை வாங்குங்கள். 395 நானோமீட்டர் டார்ச் 10 டாலருக்குள் கிடைத்துவிடும். வடிகட்டியுள்ள 365 நானோமீட்டர் டார்ச்சுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 டாலர் வரை ஆகலாம். இந்த முழுப் பட்டியலிலும் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

வாங்கியதைச் சோதிப்பது எளிது. இருட்டில், ஒளிராத கரும்பரப்பு ஒன்றின் மீது விளக்கை அடியுங்கள். ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்தால் நல்ல விளக்கு. பளிச்சென்று ஊதா வட்டம் தெரிந்தால், உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது நீங்கள் கேட்ட விளக்கு அன்று.

254 நானோமீட்டர் எனக் குறிக்கப்பட்ட குறுகிய அலைநீள விளக்குகளைத் தொடவேண்டாம். அவை கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்பவை. சில்லுகளைப் பார்க்க அவை தேவையும் இல்லை. 365 நானோமீட்டர் விளக்கையும் கண்ணுக்கு நேராக ஒருபோதும் அடிக்கக்கூடாது. புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள். அது உண்மையிலேயே தடுக்கிறதா என்று அறிய, வெள்ளை அலுவலகத் தாளின் மீது விளக்கை அடித்து, இடையில் அந்தக் கண்ணாடியைப் பிடியுங்கள்; கண்ணாடியின் நிழல் விழும் இடத்தில் தாள் ஒளிரவில்லை என்றால் அது தன் வேலையைச் செய்கிறது.

2. மற்றக் கருவிகளும் இடமும்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, மில்லிமீட்டரில் அளக்கும் காலிபர், 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, கருந்துணி ஆகியவை போதும். துணியை வாங்கியவுடன் விளக்கில் காட்டிப் பாருங்கள். கறுப்பாகத் தோன்றும் துணிகள் பலவற்றில் ஒட்டியிருக்கும் பஞ்சிழைகள் நீலப் பொறிகளாக மின்னும். சலவைத்தூளில் கலந்துள்ள வெண்மையூட்டிகளே அதற்குக் காரணம். அதே இழைகள் சில்லின் மீது ஒட்டிக்கொண்டால், அவற்றை மறைகுறி (புற ஊதாவில் மட்டும் தெரியும்படி கேசினோ அச்சிடும் பாதுகாப்புக் குறி) என்று எண்ணி நீங்கள் ஒரு மாலைப்பொழுதை வீணடிக்க நேரும். மென்மையான உலர்ந்த தூரிகையால் சில்லைத் துடைத்த பிறகே தொடங்குங்கள். வெள்ளைத் தாளின் மீது சில்லை வைத்துப் பார்க்கவே கூடாது. தாளின் ஒளிர்வு சில்லின் ஒளிர்வை விழுங்கிவிடும்.

அறை முழு இருட்டாக இருக்கவேண்டும். கதவிடுக்கு வெளிச்சத்தையும் கைபேசித் திரையையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகாமல் பார்த்தால், மெல்லிய வேறுபாடுகள் எதுவும் புலப்படாது.

3. ஒப்பீட்டுச் சில்லுகள்

ஐயத்துக்குரிய சில்லைத் தனியாக விளக்கடியில் வைத்துப் பார்ப்பதால் பயன் மிகக் குறைவு. நீல ஒளிர்வு அதிகமா குறைவா என்ற கேள்விக்கு, எதனோடு ஒப்பிடும்போது என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் விடை இல்லை. ஆகவே முதலில் ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மலிவான வழி, இயங்கிவரும் கேசினோக்களின் 1 டாலர் சில்லுகளே. நீங்களோ நம்பிக்கையான நண்பரோ கேசினோவின் மேசையிலேயே முகமதிப்புக்குப் பெற்ற சில்லைப் பற்றி ஐயமே எழாது. அதற்குச் செலவும் ஒரு டாலர்தான். பழைய சில்லுகளுக்கு, அதே தயாரிப்பாளர் அதே காலத்தில் செய்த, எளிதாகக் கிடைக்கும், விலை குறைந்த சில்லுகளைத் தேடுங்கள். யாரும் போலி செய்ய மெனக்கெடாத சில்லே நல்ல ஒப்பீட்டுச் சில்லு. பால்சன் நிறுவனத்தின் தொப்பியும் கைத்தடியும் பொறித்த வார்ப்பு (சில்லின் முகத்தில் விளிம்பை ஒட்டி அழுத்திப் பதித்த உருவங்கள்), டி. ஆர். கிங் நிறுவனத்தின் மகுட வார்ப்பு என ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்குத் துணை கிடைக்கும்.

ஒரே கேசினோ வெவ்வேறு ஆண்டுகளில் தருவித்த சில்லுகள் வெவ்வேறு விதமாக ஒளிரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாளும் மையும் நிறத் தூளும் தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடியவை. ஒப்பீட்டுச் சில்லோடு பொருந்தவில்லை என்பது கேள்வியின் தொடக்கமே, தீர்ப்பு அன்று.

4. விளக்கை ஏற்றும் முன் வெறுங்கண் பரிசோதனை

அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் படி இது. போலிகளில் பெரும்பகுதியைப் பகல் வெளிச்சமும் தராசும் காலிபருமே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்கக் கேசினோச் சில்லின் வழக்கமான விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர். பக்கரா என்ற சீட்டாட்டத்துக்கான பெரிய சில்லுகள் 43 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். களிமண் கலவையை அழுத்தி வார்த்த சில்லுகள் பெரும்பாலும் 8 முதல் 11 கிராமுக்குள் அடங்கும். களிமண் சில்லு என்று விற்கப்படும் ஒன்று 13.5 கிராம் எடை காட்டினால், அது உள்ளே உலோகத் தகடு வைத்த வீட்டு விளையாட்டுச் சில்லாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. உலோக நடுப்பகுதி கொண்ட உண்மையான கேசினோச் சில்லுகளும் உண்டு என்பதால், எடையை எப்போதும் அதே வகைச் சில்லோடு ஒப்பிடுங்கள்.

விளிம்புப் பட்டைகளைக் கைவில்லையால் பாருங்கள். அழுத்தி வார்த்த சில்லில் அந்த நிறம் பொருளாகவே உள்ளே பதிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை தொடரும். மேலே பூசிய வண்ணமென்றால் விளிம்பின் தேய்மானத்தில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். வார்ப்பு உருவங்களின் கூர்மை, நடுத்தாள் (கேசினோவின் பெயரும் மதிப்பும் அச்சிட்டு முகத்தின் நடுவே பதித்த வட்டத் தாள்) சரியாக மையத்தில் இருக்கிறதா, பொன்னெழுத்துகளின் ஓரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சில்லுகள் சிலவற்றின் கலவையில் ஈயம் இருந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் கையைக் கழுவுங்கள், பரிசோதிக்கும் மேசையில் எதையும் உண்ணாதீர்கள்.

5. விளக்கடியில் பார்க்கும் வரிசை

ஐயத்துக்குரிய சில்லையும் ஒப்பீட்டுச் சில்லையும் கருந்துணியின் மீது பக்கம் பக்கமாக வையுங்கள். விளக்கைச் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில், இரண்டின் மீதும் ஒரே அளவு ஒளி விழும்படி பிடியுங்கள். முதலில் முன்முகம், பிறகு பின்முகம், பிறகு விளிம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம். விளிம்பைப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள். பயன்பாட்டிலிருந்து நீக்குவதற்காக விளிம்பில் வெட்டிய சில்லை அடைத்திருந்தால் அதன் தடம் அங்கேதான் கிடைக்கும். கடைசியாக, விளக்கை மிகச் சாய்த்துப் பிடித்துச் சில்லை மெல்லத் திருப்புங்கள்.

ஒரு சில்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தேவையின்றி நீண்ட நேரம் ஒளியில் வைத்தால் நிறமும் தாளும் காலப்போக்கில் மங்கும்.

6. கண்டதைப் புரிந்துகொள்வது

நடுத்தாளிலிருந்து தொடங்குங்கள். தாளை வெண்மையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒளிர்வூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்து 1950களில் பரவலாயின. ஆகவே 1930களைச் சேர்ந்தது என்று விற்கப்படும் சில்லின் நடுத்தாள் இன்றைய அலுவலகத் தாளைப்போல நீல வெண்மையாகப் பளீரிட்டால், நிறுத்தி நிதானமாகக் கேள்வி கேளுங்கள். தாள் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். சில்லே பின்னாளில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அதே வேளையில், யாராவது சலவைத்தூள் கரைத்த நீரில் கழுவியிருந்தாலும் பழைய தாள் இதே நீலத்தைப் பெறும். அப்படிக் கழுவப்பட்டிருந்தால் ஒளிர்வு தாளோடு நிற்காமல், வார்ப்பின் பள்ளங்களிலும் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே கைவில்லை தேவைப்படுகிறது.

இதைத் தலைகீழாக்கி வாதிடக்கூடாது. தாள் ஒளிரவில்லை, எனவே சில்லு பழையது என்பது தவறான முடிவு. ஒளிர்வூட்டி சேர்க்காத தாள் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அக்கறையுள்ள மோசடிக்காரர் அதைத்தான் வாங்குவார்.

இரு முகங்களையும் ஒப்பிடுவது நான் மிகவும் மதிக்கும் சோதனை. ஒரு சில்லின் முன்தாளும் பின்தாளும் இயல்பாக ஒரே தொகுதியில் அச்சானவை. ஒன்று பளிச்சென்றும் மற்றது மந்தமாகவும் இருந்தால் ஒரு பக்கத் தாள் மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் வெளிச்சம் படும்படி ஆண்டுக்கணக்கில் காட்சிக்கு வைத்திருந்த சில்லின் மேல்முகத்திலும் ஒளிர்வூட்டிகள் சிதைந்து மந்தமாகிவிடும். அப்படி மங்கியிருந்தால் சாதாரண வெளிச்சத்திலும் அந்த முகத்தின் நிறங்கள் சற்று வெளுத்திருப்பதைக் காணலாம். நிறம் வெளுக்காமல் ஒளிர்வு மட்டும் மாறுபட்டால் ஐயம் வலுக்கிறது.

அடுத்தது, என்னை ஏமாற்றிய அதே விஷயம். கேசினோ மூடும்போதோ புதிய சில்லுகளுக்கு மாறும்போதோ பழையவை பெரும்பாலும் அழிக்கப்படும். சில, துளையிட்டோ விளிம்பில் வெட்டியோ ரத்து செய்யப்பட்டு வெளியே வரும். துளையுள்ள சில்லின் விலை குறையற்ற சில்லின் விலையைவிட மிகக் குறைவு என்பதால், துளையை அடைப்பதில் லாபம் இருக்கிறது. இப்படி அடைக்கப் பயன்படும் எப்பாக்சி போன்ற பசைகள் பெரும்பாலும் நீலமாகவோ வெண்மையாகவோ ஒளிரும். பசைக்குமேல் வண்ணம் தீட்டியிருந்தால், அந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிடக் கருமையாகத் தெரியக்கூடும். ஒளிர்கிறதா இருள்கிறதா என்பதைவிட, வடிவத்தைக் கவனியுங்கள். என் சில்லில் தெரிந்தது துல்லியமான வட்டம். அதே இடத்தில் பின்முகத்திலும் அதே அளவு வட்டம் இருந்தது. இயற்கையான அழுக்கோ தேய்மானமோ இரு முகங்களிலும் நேருக்கு நேர் ஒரே வட்டத்தை வரைவதில்லை. பிறகு பகல் வெளிச்சத்தில் கைவில்லையால் பார்த்தபோது, வார்ப்பின் குறுக்குக் கோடுகள் அந்த வட்டத்துக்குள் மட்டும் கையால் கீறியதுபோல் நடுக்கத்துடன் இருந்தன. விளக்கு இடத்தைக் காட்டியது. உறுதி செய்தது பகல் வெளிச்சமும் கைவில்லையும்தான்.

விளிம்புப் பட்டைகள் பளீரென்று ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளிர்ந்தால் மறைகுறி கிடைத்துவிட்டது என்று மகிழவேண்டாம். நியான் வகை நிறத் தூள் கலந்த பட்டைகள் எந்த ஊதா விளக்கிலும் இப்படித்தான் எரியும். அதே சில்லின் எல்லாப் பட்டைகளும் ஒன்றுபோல் ஒளிர்கின்றனவா என்பதே பார்க்கவேண்டியது. ஒன்று மட்டும் மாறுபட்டால் அங்கே பழுது பார்த்திருக்கலாம்.

உண்மையான மறைகுறிகள் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத மையால் நடுத்தாளில் அச்சிடப்படுபவை. ஒளியில் எழுத்தாகவோ எண்ணாகவோ சின்னமாகவோ திருத்தமான ஓரங்களுடன் எழும். எல்லாக் கேசினோக்களும் இதைப் பயன்படுத்துவதில்லை, ஒரே கேசினோவின் எல்லா மதிப்புச் சில்லுகளிலும் இது இருப்பதுமில்லை. எனவே ஒரே கேசினோ, ஒரே மதிப்பு, ஒரே வெளியீடு என்ற மூன்றும் பொருந்தும் நம்பகமான சில்லோடு ஒப்பிட்டு, அதில் இருப்பது இதில் இல்லை என்று கண்டால் மட்டுமே அது கணக்கில் வரும்.

எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை பூசப்பட்ட சில்லுகள் தனித் தொல்லை. நிறத்தைப் புதுப்பிக்க எண்ணெய் தடவுவது சேகரிப்போரிடையே உள்ள வழக்கமே. அதில் மோசடி இல்லை. ஆனால் பெட்ரோலியம் ஜெல்லி தானே நீலமாக ஒளிரும், எண்ணெய்ப் பூச்சு பழுதின் ஓரங்களை மறைக்கும். மென்துணியால் மெதுவாக ஒற்றியெடுத்து, ஒரு நாள் விட்டு மறுபடியும் பாருங்கள். சோப்பு, ஆல்கஹால், அசிட்டோன் எதையும் பயன்படுத்தாதீர்கள். திருப்பி அனுப்பும் உரிமையே அதனால் போய்விடலாம்.

பீங்கான் வகை எனப்படும் சில்லுகளில் தனி நடுத்தாள் கிடையாது. முகம் முழுவதும் ஒரே அச்சு. அவற்றில் அடிப்பொருள் ஒளிர்வதை ஒப்பீட்டுச் சில்லோடு பொருத்திப் பார்ப்பதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை.

7. படம் எடுத்தல்

கைபேசியின் தானியங்கி அமைப்பு இருட்டில் எல்லாவற்றையும் வெளிச்சமாக்கி, நீலத்தை மிகைப்படுத்திக் காட்டும். வெளிச்ச அளவையும் வெண்மைச் சமநிலையையும் கையால் நிலைநிறுத்துங்கள். கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, இரண்டு வினாடித் தாமதத்தில் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒப்பீட்டுச் சில்லு உடனிருக்க வேண்டும். அது இல்லாத புற ஊதாப் படத்தை, அனுபவமுள்ள எவரும் ஆதாரமாக ஏற்கமாட்டார். கைபேசியை நகர்த்தாமலே சாதாரண வெளிச்சத்திலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒளிரும் இடம் எது என்று பிறருக்கும் விளங்கும்.

இப்போதும் புழக்கத்தில் உள்ள சில்லுகளின் மறைகுறிப் படங்களைப் பொதுவில் வெளியிடாதீர்கள். அது போலி செய்பவருக்கு நாமே வரைபடம் கொடுப்பதாகும்.

8. ஆவணங்களும் காலக்கெடுவும்

வாங்குவதற்கு முன்பே விளம்பரத்தின் முழு வாசகத்தையும் படங்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்தபின் அவை நீக்கப்படலாம். துளையிடப்பட்டதா, பழுது பார்க்கப்பட்டதா, தாள் மாற்றப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள். விடை சொல்ல மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, திரும்பும் அஞ்சல் செலவு யாருடையது என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள்.

பொதி வந்த அன்றே, பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே தொடராகப் படம்பிடித்து, அன்று மாலையே நான்காம் படி முதல் ஏழாம் படி வரை முடித்துவிடுங்கள். விளக்கு இன்னும் வந்துசேரவில்லை என்றால் சில்லை வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். நான் செய்த வரிசைப் பிழை அதுதான். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தாள் வைத்து, வாங்கிய தேதி, விலை, அஞ்சல் செலவு, எடை, விட்டம், வார்ப்பு வகை, ஒளியில் கண்டது ஆகியவற்றை எழுதுங்கள். கண்டதை எழுதும்போது, நன்றாக ஒளிர்கிறது என்று பொதுவாக எழுதாமல், முன்தாள் ஒப்பீட்டுச் சில்லைவிட மந்தம், வலப்பக்க விளிம்பருகே நீல வெண்மை வட்டம், விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர் என்பதுபோல் எழுதுங்கள்.

9. ஐயம் உறுதிப்பட்டால்

விற்பனையாளரைக் குற்றம் சாட்டி எழுதாமல், படங்களையும் அளவுகளையும் இணைத்து, விளம்பர விவரத்தோடு சில்லு பொருந்தவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அவரும் அறியாமல் வாங்கியிருக்கலாம். குறையை அறியாத விற்பனையாளர் பெரும்பாலும் உடனே திருப்பி எடுத்துக்கொள்வார். கெடு முடியும் நாளுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது இதைச் செய்யவேண்டும். இடையில் இன்னொருவர் கண்ணும் தேவைப்பட்டால், 1988 முதல் இயங்கிவரும் அமெரிக்கக் கேசினோச் சில்லு சேகரிப்போர் கழகத்தின் மூத்த உறுப்பினர்களிடம் காட்டலாம்.

இயங்கிவரும் கேசினோவின் சில்லு போலி என்று தோன்றினால், அதைப் பரிசோதிக்கும் ஆர்வத்தில் அந்தக் கேசினோவின் காசாளரிடம் மாற்றமுயலவே கூடாது. போலிச் சில்லைப் பயன்படுத்துவது, லாஸ் வேகஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலத்தில் குற்றம். தெரியாமல் செய்தேன் என்று விளக்கும் நிலைக்கு உங்களை நீங்களே கொண்டுசெல்லவேண்டாம்.

கெடு கடந்துபோய்ச் சில்லு உங்களிடமே தங்கிவிட்டால், அதன் உறையின் மீது கண்டதைக் கண்டபடி எழுதி வையுங்கள். என் 5 டாலர் சில்லின் உறையில், துளையிட்டு அடைக்கப்பட்டது, 365 நானோமீட்டர் ஒளியில் இரு முகங்களிலும் தெரியும் என்று எழுதி, இரண்டு படங்களையும் உள்ளே வைத்திருக்கிறேன். என்றாவது அதை விற்றால், துளையுள்ள சில்லின் விலைக்கே, அந்த உறையோடு சேர்த்தே கொடுப்பேன்.